புள்ளியக்காவின் மானிட்டர்

புள்ளியக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, பதிப்பகத்தில் வைத்த பெயர். ஒரு மெய்யெழுத்தின் தலையில் புள்ளி விட்டுப்போயிருந்தால், அது எந்த மூலையில் பதுங்கியிருந்தாலும் காதைப் பிடித்து வெளியே இழுத்துவிடுவாள். அச்சுக்குப் போகிற புத்தகத்தைக் கடைசியாகப் படித்துப் பிழை திருத்துவது அவள் வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற வேலை. அப்படிப் பார்த்த இரண்டு கண்ணில் ஒன்று, ஒரு காலையில், கறுப்பாக ஏதோ இறங்கி, சொல்லாமல் கொள்ளாமல் கடையைச் சாத்திவிட்டது.

ஆபரேஷன் நடந்தது. டாக்டர் தன்னால் ஆனதைச் செய்தார். இடது கண்ணில் வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டும் மிச்சம். வலது கண் தேவலாம், ஆனால் பொடி எழுத்து ஆகாது. "மறுபடி கண்ணுல கறுப்பா எதுவும் இறங்கினா யோசிக்காம ஓடி வந்துடுங்க" என்று டாக்டர் சொன்னது அவள் காதுக்குள்ளேயே குடியிருந்தது.

பதிப்பகத்தில் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு பெரிய மானிட்டர் வாங்கிக் கொடுத்தார்கள். லேப்டாப்பை அதில் மாட்டி, ஒவ்வோர் எழுத்தையும் உள்ளங்கை அகலத்துக்கு ஊதிப் பெருக்கினால் புள்ளியக்காவால் படிக்க முடிந்தது. முதல் நாள் ஓர் 'அ'வைப் பார்த்துவிட்டு அழுதாள். மேனேஜர் தடிமனான புத்தகம் ஒன்றை அனுப்பினார். பாலங்கள் கட்டிய கதை. "நிதானமா பாருங்கக்கா. கஷ்டமா இருந்தா சொல்லுங்க, வேற யார்கிட்டயாவது குடுத்துக்கலாம்" என்றார். நல்ல மனிதர், நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் வேறு ஆள் கைக்கு ஒரு தடவை போன வேலை திரும்பி வருமா என்ன? இந்தப் புத்தகத்தை ஒழுங்காக முடித்துக் கொடுத்தால் வேலை அவளுடையது. இல்லாவிட்டால் பூங்கொத்து கொடுத்து, நாலு நல்ல வார்த்தை பேசி, வீட்டில் உட்காரவைத்துவிடுவார்கள்.

அந்த மானிட்டர்தான் மக்கர் பண்ண ஆரம்பித்தது.

நன்றாக எரிந்துகொண்டே இருக்கும். பாதி வாக்கியத்தில் இருப்பாள். சட்டென்று மொத்தமும் கறுத்துப்போகும். இரண்டு மூன்று நொடிதான், தானாகவே திரும்பி வந்துவிடும். கண் நன்றாக இருக்கிறவர்களுக்கு அது ஓர் எரிச்சல், அவ்வளவே. புள்ளியக்காவுக்கோ போனது கண்தானோ என்று இருக்கும். உடனே தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்ப்பாள். ஜன்னல் தெரிந்தால், அப்பாடா, போனது கண் இல்லை, மானிட்டர்தான். போன உயிர் திரும்பி வரும். ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் ஒருத்தி உயிரைப் போக விட்டுத் திரும்ப வாங்கிக்கொள்வது?

"என்னங்க! மறுபடியும் போயிடுச்சு!" என்று கத்துவாள்.

"தோ வரேன்" என்று சமையலறையிலிருந்து பதில் வரும். அல்லது வாசலிலிருந்து. ஒரு தடவையாவது பக்கத்திலிருந்து வந்ததா என்றால் இல்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரம்.

அவள் கணவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவள் வீட்டிலிருந்து வேலை பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து அவளுக்கு இடது பக்கம் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, காதில் ரேடியோவை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்த நாற்காலிகூட அவளுக்காக வாங்கியதுதான். சக்கரம் வைத்தது, கைப்பிடியை இழுத்தால் ஏறி இறங்குவது. அது உருள்வது அவளுக்குப் பிடிக்கவில்லை. சாப்பாட்டு மேஜையின் மர நாற்காலி போதும் என்று சொல்லிவிட்டாள். வாங்கியது வீணாகக் கூடாதே என்று அவர் அதில் ஏறிக்கொண்டார்.

"எனக்கு வாங்கின நாற்காலியைத் தேய்ச்சே தீர்த்துடுவீங்க போலிருக்கு. ஆயுசு பூரா உட்கார்ந்தே சம்பாதிச்சீங்க, இன்னும் உட்கார ஆசை தீரலையா?" என்பாள்.

அவர் சிரிப்பதோடு சரி. பஸ்ஸில் அத்தனை பேர் திட்டையும் வாங்கிக்கொண்டு ஓட்டிய மனிதர். ஒரு புள்ளியக்காவின் திட்டெல்லாம் அவருக்கு எம்மாத்திரம்?

வேறு வழியில்லாமல் நாத்தனாரைக் கூப்பிட்டாள். நாத்தனார் என்றதும் முகத்தைச் சுளிக்க வேண்டாம். இந்த நாத்தனார் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள், அண்ணனைவிட அண்ணியிடம்தான் ஒட்டுதல். வாய் கொஞ்சம் நீளம். அதை விட்டால் தங்கம்.

வந்தவள் புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மேஜைக்கு அடியில் புகுந்தாள். "எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்தக் கூடாது அண்ணி. ஒண்ணை மாத்தணும், பார்க்கணும். அப்புறம்தான் அடுத்தது" என்று அடியிலிருந்தே பாடம் நடத்தினாள். முதலில் வயரை இரண்டு பக்கமும் பிடுங்கி இறுக்கிச் சொருகினாள். அடுத்து லேப்டாப்பில் வேறு ஓட்டையில் மாட்டிப் பார்த்தாள். சுவர் பிளக்கை மாற்றினாள். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத் திரையை அணைக்கிற செட்டிங்கை எடுத்துவிட்டாள். அவள் கிளம்பிப் போய்ச் செருப்புச் சத்தம் ஓய்வதற்குள் திரை கறுத்தது.

"சரி, மானிட்டரே கோளாறு" என்று மறுநாள் அதைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனாள். கடையில் காலையிலிருந்து கடை அடைக்கிறவரைக்கும் ஓட விட்டாள். கண் சிமிட்டவில்லை. அடுத்த நாளும் அப்படியே. சமர்த்துப் பிள்ளையாக எரிந்தது.

"என் கடையில ஒழுங்கா இருக்கு, உங்க வீட்டுக்கு வந்தா மட்டும் ஆடுது. அண்ணன் பழக்கம் ஒட்டிக்கிச்சோ என்னமோ" என்று சொல்லித் திரும்பக் கொண்டுவந்து வைத்தாள்.

திரும்பி வந்த மானிட்டர் அன்று முற்பகலே நாலைந்து தடவை அணைந்தது. புள்ளியக்கா கைகளை மடியில் போட்டுக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தாள். போதும், மேனேஜரைக் கூப்பிட்டு வேறு ஆளிடம் கொடுக்கச் சொல்லிவிடலாம் என்று தோன்றிவிட்டது. வாய்விட்டும் சொன்னாள். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் டிரைவர் காதிலிருந்து ரேடியோவைக் கழற்றினார்.

"இன்னும் கொஞ்சம் பாரேன்."

"என்னத்தைப் பார்க்கறது? நீங்க குறுக்கும் நெடுக்கும் போகும்போது வயரைத்தான் மிதிக்கிறீங்க. வேற என்ன? இந்த அத்தியாயம் முடியற வரைக்கும் இடத்தை விட்டு அசையாதீங்க. அசைஞ்சீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்."

"வயர் பக்கமே நான் போகலையே."

"அசையாதீங்கன்னேன்."

அசையவில்லை. ஆற்றின் நடுவே தூண் எழும்பியது, வெள்ளம் வந்தது, தூண் நின்றது. பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தாள். திரை ஒரு தடவைகூட அணையவில்லை. அத்தியாயத்தின் கடைசிப் பத்தியில் அவர் போனில் வைத்திருந்த மணி அடித்தது. அவளுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விடுகிற நேரம். அவர் எழுந்தார்.

திரை கறுத்தது.

புள்ளியக்கா இந்தத் தடவை ஜன்னலைப் பார்க்கவில்லை. தலையை இடது பக்கம் முழுவதுமாகத் திருப்பி அவரைப் பார்த்தாள். மருந்துப் புட்டி ஃபிரிட்ஜில் இருந்தது. அவர் வயரிலிருந்து நாலடி தள்ளி, ஒரு கையைப் பின்னால் இடுப்பில் ஊன்றிக்கொண்டு நின்றார்.

"உட்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தார்.

"எழுந்திருங்க."

எழுந்தார். திரை கறுத்தது. வந்தது.

"மறுபடி உட்காருங்க. எழுந்திருங்க."

"தோப்புக்கரணம் போட வைக்கிறியா? வயசாகலை எனக்கு?" என்றார். ஆனாலும் போட்டார். அவர் எழுந்தபோதெல்லாம், அநேகமாக ஒவ்வொரு தடவையும், திரை கறுத்து மீண்டது. இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

போனில் விஷயத்தைக் கேட்ட நாத்தனார் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. "ஐயோ அண்ணி! அந்த நாற்காலிக்கு நடுவுல காஸ் அடைச்ச தண்டு ஒண்ணு இருக்குல்ல, ஏத்தி இறக்கறதுக்கு? உட்கார்ந்த ஆள் சட்டுனு எழுந்தா அதுல லேசா கரண்ட் மாதிரி ஒண்ணு உதறும். மனுசங்களுக்குத் தெரியாது. வயர் மட்டமா இருந்தா அது வாங்கிக்கும், படம் போயிடும். கேள்விப்பட்டிருக்கேன், ஆனா என் மரமண்டைக்கு உறைக்கலையே! என் கடையில இருக்கறது பூரா பிளாஸ்டிக் ஸ்டூலு!" நல்ல வயர் ஒன்று, குட்டையானது, நாளைக்கே கொண்டுவருவதாகச் சொன்னாள். கடைசியில் ஒன்றையும் சேர்த்துச் சொன்னாள்: "அதுசரி, எங்கண்ணன் அத்தனை தடவையா எழுந்திருக்கிறார்? நம்பவே முடியலையே."

போனை வைத்த புள்ளியக்கா அந்தக் கேள்வியோடு உட்கார்ந்துவிட்டாள்.

பிழை திருத்துகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த இடத்தில் நிறுத்தினோம், எந்த வார்த்தையில் விட்டோம் என்பது மனசில் அச்சாக நிற்கும். அன்று காலை திரை அணைந்த ஒவ்வொரு தடவையும் எந்த வாக்கியத்தில் இருந்தாள் என்பது அவளுக்கு மறக்கவில்லை. கல் சுமந்து வந்த படகு கவிழ்ந்த இடத்தில் ஒரு தடவை போயிற்று. அதற்கு முன்வரை திரையில் வெயில் விழுந்து கண் கூசிக்கொண்டிருந்தது, படம் திரும்பி வந்தபோது கூசவில்லை. மேகம் மறைத்துவிட்டது என்று நினைத்தாள். இப்போது பார்த்தால் முதுகுக்குப் பின்னால் இருந்த இன்னொரு ஜன்னலில் திரைச்சீலை இழுத்துவிடப்பட்டிருந்தது. இரண்டு எஞ்சினியர்கள் சண்டை போட்ட பக்கத்தில் போன தடவை, குக்கரின் விசில் பாதியில் நின்றது. கயிறு அறுந்த பக்கத்தில் வாசலில் யாரோ மணியடித்தார்கள். இரண்டாவது மணி அடிக்கவே இல்லை. மதகு திறந்த இடத்தில் போனபோது அவள் டம்ளரில் தண்ணீர் இல்லை, அடுத்த பக்கத்தில் இருந்தது. அவள் ஒன்றையும் கேட்டதில்லை. கேட்காமலே எல்லாம் நடந்துகொண்டிருந்தது. அவளுக்குப் பார்வை இல்லாத அந்த இடது பக்கத்தில் நடந்ததால், அவளுக்குத் தெரிந்ததெல்லாம் திரை அணைந்ததும், கூப்பிட்டால் அவர் பக்கத்தில் இல்லாததும்தான்.

அந்த நாற்காலியை ஏன் இடது பக்கம் போட்டார் என்பதும் அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவள் பார்க்க முடியாத பக்கத்தை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இத்தனை தடவை எழுந்து போறீங்களே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்டாள்.

"இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு? பஸ் ஓட்டறவன் ஒவ்வொரு தடவை பிரேக் போடறதையும் டிக்கெட் எடுத்தவங்ககிட்ட சொல்லிக்கிட்டு இருப்பானா?" என்றபடி அவர் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துவந்த மருந்துப் புட்டியைக் குலுக்கினார். "தலையைச் சாய்."

சாய்த்தாள். மருந்துச் சொட்டு விழுவதற்கு முன்பே கண் நனைந்திருந்தது. அவர் அதைப் பார்த்தும் பார்க்காதது போல் இரண்டு சொட்டு விட்டார். இந்த மனிதரைக் கொடுத்ததற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவருக்கே சொல்லியிருக்கலாம். ஆனால் அது கல்யாணமான நாளிலிருந்து சொல்லிப் பழகாத வார்த்தை.

மறுநாள் நாத்தனார் தடித்த வயரோடு வந்தாள். மாட்டிவிட்டு, அண்ணனை ஒரு பத்துத் தடவை எழுப்பி உட்காரவைத்து, வாய் நிறையச் சிரித்தாள். திரை அசைந்துகூடக் கொடுக்கவில்லை. பழைய வயரைச் சுருட்டிக் குப்பைக்கூடை பக்கம் போனவளைப் புள்ளியக்கா தடுத்தாள்.

"அதை இப்படிக் குடு."

"இது எதுக்கு அண்ணி? எதுக்கும் உதவாது."

"உதவின வயர்தான். குடு" என்று வாங்கி மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டாள். நாத்தனார் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் உதட்டைப் பிதுக்கினார்.

அதற்குப் பிறகு வேலை ஓடியது. பாலங்கள் ஒவ்வொன்றாக எழும்பின. கடைசிப் பக்கத்தைப் பார்த்து முடித்து மேனேஜருக்கு அனுப்பியபோது, அவர் உடனே கூப்பிட்டார். "அடுத்ததை அனுப்பட்டுமாக்கா?" என்றார். அனுப்பச் சொன்னாள். சத்தமாகவே சொன்னாள்.

போனை வைத்துவிட்டு டம்ளரை எடுத்தாள். நிரம்பியிருந்தது. அவர் எப்போது எழுந்தார், எப்போது வந்து உட்கார்ந்தார்? மானிட்டர் இப்போதெல்லாம் எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. தலையை இடது பக்கம் முழுக்கத் திருப்பினாள். இனி அப்படித்தான் பார்க்க வேண்டும். அவர் காதில் ரேடியோவோடு கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தார்.

புள்ளியக்கா சத்தமில்லாமல் மர நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள். சுவரைத் தொட்டுத் தொட்டுச் சமையலறைக்குப் போய், அடுப்பைப் பற்றவைத்து, டீ போட்டுக் கொண்டுவந்தாள். தோளைத் தொட்டு டம்ளரை நீட்டியதும் அவர் பதறிப்போய்க் கண்ணைத் திறந்தார்.

"ஏன் எழுந்தே? மறுபடியும் அணைஞ்சிடுச்சா?"

"இல்லைங்க. நல்லா எரியுது" என்றாள். "உங்களுக்கும் தாகம் எடுக்குமில்ல?"