முந்நூற்றுப் பன்னிரண்டாவது படம்

"மார்சிலிங் பிள்ளைங்க மட்டும் கேமரா கண்ணுக்குத் தெரியாதா?" என்று ரயனின் அம்மா பங்கு வாட்ஸாப் குழுவில் கேட்டிருந்தார். மதியத்துக்குள் நாற்பது பேர் அதற்குக் கட்டைவிரலை உயர்த்திவிட்டார்கள். யாருடைய விரல்கள் என்று செரினா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவள் எடுத்த பிறந்தநாள் படங்களை முகப்பில் வைத்திருந்தவர்களின் விரல்களும் அதில் இருந்தன.

நடந்தது இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா பக்கத்துக் கோயிலில் நாற்பத்தெட்டுப் பிள்ளைகளுக்குப் புதுநன்மை, நற்கருணை அப்பத்தை முதன்முறையாக நாக்கில் வாங்கும் நாள். பங்கின் இரண்டு குடியிருப்புப் பேட்டைகளான செங்காங்கிலிருந்து ஒரு பேருந்து, மார்சிலிங்கிலிருந்து ஒரு பேருந்து. செங்காங் பிள்ளைகள் முன் வரிசைகளிலும் மார்சிலிங் பிள்ளைகள் பின் வரிசைகளிலும் உட்கார்ந்தார்கள். ரயன் பின் வரிசையில். படம் எடுக்கும் பொறுப்பு செரினாவுக்கு. வாரநாளில் பல் மருத்துவமனையில் உதவியாளர். ஞாயிறு வந்தால் கேமராவும் கையுமாகத் திரிபவள். வீடு செங்காங். அந்த ஒரு தகவல் போதாதா ஊர் வாய்க்கு?

போன ஆண்டு படமெடுத்தவர், பங்குத்தந்தை பார்ப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் ஃபேஸ்புக்கில் ஏற்றிவிட்டார். அன்றிலிருந்து பங்குச் செயலாளர் அற்புதராஜ் ஒரு சட்டம் போட்டிருந்தார். "கேமரா உன்னுது, கார்டு நம்மளுது." ஜாலான் புசார் பக்கம் ஏதோ ஒரு கடையில் அவரே போய் வாங்கிவந்த மெமரி கார்டு. இருநூற்று ஐம்பத்தாறு ஜிபி என்று மேலே தங்க நிறத்தில் எழுதியிருந்தது.

செரினா கணக்குப் போட்டுத்தான் பார்த்தாள். ஒரு படம் சுமார் இருபத்தைந்து எம்பி. ஒரு ஜிபிக்கு நாற்பது படம். அப்படியானால் கார்டு பத்தாயிரம் படம் தாங்கும். அவள் எடுக்கப்போவதோ ஆயிரத்துச் சொச்சம். கடலில் கரண்டியால் மொண்ட மாதிரி. கேமராவும் அதையே சொன்னது. எடுத்த ஒவ்வொரு படமும் திரையில் பளிச்சென்று ஒரு நொடி வந்துபோனது. அவள் நம்பிக்கையோடு கார்டைக் கழற்றிக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை அற்புதராஜின் கணினியில் ஆயிரத்து நூற்று நாற்பது படங்களின் பெயர்கள் இருந்தன. முந்நூற்றுப் பன்னிரண்டு மட்டும் திறந்தன. மீதியெல்லாம் சாம்பல் கட்டங்கள். திறந்தவற்றில் செங்காங் பிள்ளைகள் அத்தனை பேரும் இருந்தார்கள். மார்சிலிங் பிள்ளை ஒன்றுகூட இல்லை.

சனிக்கிழமை பங்கு அறையில் கூட்டம். பங்குக் குழுத் தலைவி அல்போன்சம்மாள், அற்புதராஜ், ரயனின் அம்மா, செரினா.

"ஏம்மா, அந்தப் பக்கத்துப் பிள்ளைங்கள எடுக்க மனசு வரலன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்றார் அற்புதராஜ்.

"எடுத்தேன் அங்கிள். பேரு இருக்கு, படம்தான் இல்ல. எடுக்காத படத்துக்குப் பேரு எப்படி வரும்?"

"நீயே டிலீட் பண்ணிருப்ப."

"டிலீட் பண்ணா பேரும் சேர்ந்து போயிடும்!"

"சரி, விடுங்கலா," என்றார் அல்போன்சம்மாள். "நடந்தது நடந்துபோச்சு. செரினா ஒரு சாரி சொல்லிட்டா முடிஞ்சுது."

செரினாவின் காது மடல் சுட்டது. எது நடந்தது? யார் செய்தது? இரண்டு மணி நேரம் முட்டி போட்டும் பீடத்தின் ஓரத்தில் ஒட்டி நின்றும் எடுத்தவள் சாரி சொல்லவேண்டும்; தங்க எழுத்தை நம்பி வாங்கியவர் நாற்காலியில் சாய்ந்திருப்பார்!

அவள் எழுந்து வெள்ளைப் பலகையில் எழுதினாள். 312 x 25 = 7,800.

"எட்டு ஜிபி. திறக்குற படத்தையெல்லாம் கூட்டினா எட்டு ஜிபிகிட்ட வந்து நிக்குது. இது இருநூத்தம்பத்தாறு இல்ல அங்கிள். வாய்தான் பெருசு, வயிறு எட்டுதான். வயிறு ரொம்பின பிறகு குடுத்ததையெல்லாம் வாங்குற மாதிரி நடிச்சிருக்கு. முன் வரிசைதான் முதல்ல பீடத்துக்கு வந்துச்சு, அதான் அவங்க மட்டும் உள்ள தங்கிட்டாங்க."

"இதெல்லாம் நீ சொல்ற கதை."

"அப்ப சோதிச்சுப் பார்ப்போம். நல்ல படமெல்லாம் உங்க கம்ப்யூட்டர்ல இருக்குல்ல? கார்ட குடுங்க." அவள் அதில் இருந்ததையெல்லாம் அழித்துக் கேமராவில் போட்டாள். "படத்த சின்னதாக்கிட்டேன். இப்ப ஒண்ணு அஞ்சு எம்பி. கார்டு நல்லதுன்னா அம்பதாயிரம் தாங்கணும். ஆயிரத்தைந்நூத்தறுபது கிட்ட செத்துடும்னு நான் சொல்றேன்." அந்த எண்ணையும் பலகையில் எழுதினாள். "ஆள் பார்த்து எடுத்தேன்னுதானே சொன்னீங்க? இப்ப ஒரே ஆளத்தான் எடுக்கப் போறேன். அசையாம உக்காருங்க."

அற்புதராஜ் தன்னையறியாமல் காலரைச் சரிசெய்துகொண்டார். கேமரா சடசடவென்று அடித்தது. முதல் நூறு படத்துக்குச் சிரித்தார். ஐந்நூறில் சிரிப்பு உதட்டோடு நின்றது. ஆயிரத்தில் மூக்கைச் சொறிந்தார். "போதும்லா!" என்றார். செரினா விடவில்லை. இருபது நிமிடத்தில் ஆயிரத்து எழுநூறு அற்புதராஜ்கள்.

கணினியில் போட்டார்கள். ரயனின் அம்மாதான் பொத்தானைத் தட்டினார். ஆயிரத்து ஐந்நூற்று ஐம்பத்தொன்றில் அற்புதராஜ் முறைத்துக்கொண்டிருந்தார். அடுத்ததில் அவர் இல்லை. சாம்பல் கட்டம். அதற்கடுத்ததும் சாம்பல்.

"கடைக்காரன் ஏமாத்திட்டான்," என்றார் அற்புதராஜ். பிறகு குரலை உயர்த்தினார். "ஆனா படமெடுக்குறவ நீதானே, கார்ட முன்னாடியே செக் பண்ணிருக்கணும்ல?"

அதில் பாதி உண்மை இருந்தது. அதனாலேயே அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"பண்ணிருக்கணும். ஒத்துக்குறேன். அதையும் எழுதுங்க. ஆனா குரூப்ல இப்பவே எழுதுங்க."

அவர் போனை எடுத்து ஒற்றை விரலால் தட்டினார். "தொழில்நுட்பக் கோளாறு காரணமாக..."

"கோளாறுக்குப் பேரு இல்லையா அங்கிள்? எனக்கு மட்டும் பேரு வச்சுத்தானே பேசினீங்க. 'கார்டு நான் வாங்கினது, போலி. செரினா எல்லாப் பிள்ளைங்களையும் எடுத்தாங்க.' இவ்வளவுதான். எழுதுங்க."

அவர் எழுதினார். அறையில் இருந்த எல்லாப் போன்களும் ஒன்றாக முனகின. இந்தமுறை கட்டைவிரல்கள் மெதுவாகத்தான் வந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. நாற்பது வராது என்று செரினாவுக்குத் தெரியும்.

"அடுத்த வாரம் பிள்ளைங்கள மறுபடி வெள்ளை உடுப்புல நிக்க வச்சு எடுத்துடலாம்," என்றார் அல்போன்சம்மாள்.

"முதல் தடவைங்கிறது எத்தனை தடவை வரும்க்கா?" என்று ரயனின் அம்மா வெடுக்கென்று கேட்டார். அற்புதராஜ் கூரை விசிறியைப் பார்த்தார்.

செரினா கேமராவைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். அவளிடம் கேட்கவேண்டிய மன்னிப்பு அந்த அறையில் இன்னும் யார் வாயிலிருந்தும் வரவில்லை. வாசலில் ரயனின் அம்மா வழியை மறித்துக்கொண்டு நின்றார். சாரி சொல்லப்போகிறார் என்றுதான் செரினா நினைத்தாள்.

"நான் கடைசி பெஞ்சுல இருந்தேன். முதுகுதான் தெரிஞ்சுது. ரயன் எப்படி நின்னான்?"

சொல்லாமல் போய்விடலாம். கீழே தெருவில் பேருந்து நிற்கும் சத்தம் கேட்டது. செரினா பையைத் தோளிலிருந்து இறக்கினாள்.

"நாக்க ரொம்ப சீக்கிரமே நீட்டிட்டான்," என்றாள், கோபம் ஆறாத குரலிலேயே. "ஃபாதர் இன்னும் ரெண்டு பிள்ளை தள்ளி இருந்தாரு. அதுவரைக்கும் அப்படியே நீட்டிக்கிட்டு நின்னான், கண்ண இறுக்கி மூடிக்கிட்டு."