கழுவினால் போகாத நீலம்

கோட்டையூரில் படம் வரையவைத்து மனநலச் சிகிச்சை செய்யும் யூஜினியாவின் வலது கை, தை மாதத்தில் முழங்கைவரை நீலமானது. பங்குனியில் தோளைத் தாண்டிக் கழுத்துக்கு ஏறியது. மையும் இல்லை, சாயமும் இல்லை. தொற்றுக்காலத்தில் ஆளைப் பறிகொடுத்தவர்களும் பிழைப்பை இழந்தவர்களும் அவள் முன்னால் உட்கார்ந்து தாளில் தேய்த்துவிட்டுப் போன துக்கம்தான் அது. தேய்த்தவர்கள் வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினார்கள். தெரு அவளைக் கண்டால் காறித் துப்பியது. டீக்கடையில் அவளுக்கு மட்டும் காகிதக் கப். பின்வாசலில் வந்து அழுதுவிட்டு முன்வாசலில் நின்று ஏசுகிற ஊர், வேறென்ன செய்யும்? அவள் குடியிருந்த வாடகை வீட்டின் சொந்தக்காரர் மெய்யநாதன் எல்லோருக்கும் ஒரு படி மேலே. மகனைத் தொற்றுக்குக் கொடுத்தவர். அந்த மகன் பெயரைத் தன் வீட்டில் யாரும் எடுக்கக் கூடாதென்று சட்டம் போட்டிருந்தார். தெருவுக்கே ஒட்டிக்கொள்ளும், காலி பண்ணு என்று வாரம் தவறாமல் வந்து கத்தினார்.

சித்திரையில் நீலம் இமையைத் தொட்டது, வலக்கண் மங்கியது. மற்றக் கண்ணும் போனால் யார் வரைவதையும் பார்க்க முடியாது. தொழிலும் போச்சு, சோறும் போச்சு. கூட வேலை பார்க்கும் நித்யஸ்ரீயும் சௌபர்ணிகாவும் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்கள். ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டில் கண் தெரியாமல் தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்ட யூஜினியாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“வர்றவுக எல்லாரையும் எப்படி இருக்கீகன்னு கேக்குறோம். என்னைய ஒருத்தியாச்சும் கேட்டீகளாடி?”

நித்யஸ்ரீ அழுதுகொண்டே முழுக்கைச் சட்டையைச் சுருட்டினாள். தோள்வரை நீலம். சௌபர்ணிகாவுக்கு முதுகு முழுக்க. அடுத்தவர் துக்கத்தைச் செருப்போடு வாசலிலேயே விட்டுவிட வேண்டும் என்று படித்தவர்கள். ஒட்டிக்கொண்டது தன் கையாலாகாத்தனம் என்று ஆளுக்கொரு பக்கம் மறைத்திருக்கிறார்கள். நல்ல படிப்பு! அந்த வாரத்திலிருந்து சனிக்கிழமை கதவைச் சாத்தினார்கள். ஒருத்தி வரைய, மற்ற இருவரும் பக்கத்தில் சும்மா உட்கார்ந்தார்கள். நீலம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாளுக்கு இறங்கியது.

யூஜினியாவின் கண் இன்னும் தெளியாத ஒரு சனிக்கிழமை, அவள் வரைய உட்கார்ந்த நேரத்தில் மெய்யநாதன் கதவைத் தட்டினார். கையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்தார். ஐந்து விரலும் நீலம். அவளிடமிருந்துதான் ஒட்டியது என்றார். யூஜினியா நல்ல கண்ணை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

“இது எங்க நீலம் இல்லைங்கய்யா. ஒங்களோடது.”

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். வாய் மகன் பெயரைச் சொன்னது. முன்பென்றால் அப்போதே உள்ளே கூப்பிட்டிருப்பாள்.

“இன்னைக்கு எங்க மொற. திங்கக்கெழம வாங்க.”

கதவைச் சாத்தினாள். கல்நெஞ்சக்காரி என்றது தெரு. அன்று சாயங்காலம் அவள் இமையிலிருந்து நீலம் இறங்கியது.

திங்கட்கிழமை முதல் ஆளாக மெய்யநாதன்தான் வந்தார். இப்போது காரைக்குடி, கல்லல் பக்கமிருந்தும் இதே வேலை பார்க்கிறவர்கள் சனிக்கிழமைகளில் வந்து சேர்கிறார்கள். ஈரத் தாள்களைக் காயப்போட அவரே கொல்லையில் கொடி கட்டிக் கொடுத்தார். சுவரில் நீலம் பட்டால் தொலைத்துவிடுவேன் என்று வாராவாரம் சத்தம் போட்டுவிட்டுப் போகிறார்.