களையெடுப்பில் தெல்மாவின் கையெழுத்து

நூலகர் ப்ரோன்வின் ஒரு சின்ன அட்டையைத் தெல்மாவின் கையில் திணித்தாள். அதில் கவிதை இருந்ததாம். வெளிர்பச்சை மையில், எறும்பு எழுத்தில். எழுபத்தாறு வயதில், பாதிப் பார்வை போன கண்ணுக்கு அது அட்டையில் ஒட்டிய அழுக்காகத்தான் தெரிந்தது.

"இதுக்குள்ள விதை இருக்கு தெல்மா. படிச்சிட்டு மண்ணுல புதைச்சா பூ வரும்."

"படிக்கிற மாதிரி அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்."

ப்ரோன்வின் சிரித்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டாள்.

நூலகத்தின் பின்பக்கத் தோட்டத்தில் நாற்பது பேர் கூடியிருந்தார்கள். புத்தகங்களையும் தோட்டங்களையும் பற்றிய இந்தக் காலத்துக் கவிதைகளைக் கேட்டுவிட்டு, ஒவ்வொருவராக எழுந்து மனதில் பட்டதைச் சொல்ல வேண்டும். மாநிலத் தலைநகர் ஹோபார்ட்டிலிருந்து இமோஜென் என்ற கவிஞர் வந்திருந்தாள். தேநீர் இருந்தது, தேங்காய்ப்பூவில் புரட்டிய கேக் இருந்தது. தெல்மா கேக்குக்கு வந்தவள் அல்ல. பெரிய எழுத்துப் புத்தக அலமாரி பத்து நாளாகக் காலியாகக் கிடந்தது. ஹுவான் ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சின்ன ஊரில் அவள் கண்ணுக்கு எட்டியது அந்த அலமாரி ஒன்றுதான். அது போனால் படிப்பே போச்சு. விசாரித்தபோது, "சனிக்கிழமை வாங்க, ஒரு ஆச்சரியம் இருக்கு" என்றார்கள். வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

இமோஜென் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தாள். வாசித்த பக்கம் உரமாகட்டுமாம், வேர்கள் அதை வாசிக்கட்டுமாம். கூட்டம் "ம்ம்ம்" என்று உருகியது. வேர் வாசிக்குமாம்! மனுஷி வாசிக்க வழியில்லை, வேருக்கு வந்துவிட்டது வாசிப்பு என்று தெல்மாவுக்கு எரிந்தது.

"இந்தக் கவிதைய உங்க நூலகம் நிஜமாவே செஞ்சு காட்டியிருக்கு" என்று இமோஜென் பக்கத்தில் இருந்த பாத்தியைக் காட்டினாள். வைக்கோல் பரப்பிய புதுப் பாத்தி. எல்லாரும் கைதட்டினார்கள்.

தெல்மா எழுந்து போய்க் கைத்தடியால் வைக்கோலை விலக்கினாள். ரத்தமும் எலும்பும் அரைத்துத் தூவிய உரத்தின் நாற்றம் குப்பென்று ஏறியது. அதற்கடியில் ஒரு புத்தகம் ஊறி உப்பி, மல்லாந்து கிடந்தது. பக்கத்தின் மேல் இரண்டு நத்தைகள் கோழை இழுத்துக்கொண்டிருந்தன. பெரிய எழுத்து மட்டும் பளிச்சென்று தெரிந்தது. அந்தத் தோட்டத்தில் அவளால் படிக்க முடிந்தது அது ஒன்றுதான்.

"ப்ரோன்வின்! என்னடி இது கருமம்?"

"களையெடுத்த புத்தகங்க தெல்மா. குப்பைக்கு அனுப்ப மனசு வரல. மண்ணு மேல பரப்பி வச்சா புல்லும் முளைக்காது..."

"யாரைக் கேட்டுச் செஞ்சீங்க?"

"வாசகர்களைக் கேட்டுத்தான். முதல் கையெழுத்தே உங்களோடது."

நூலகக்காரர்கள் பாஷையில், வேண்டாத புத்தகங்களைக் கழித்துக்கட்டுவதற்குப் பெயர் களையெடுப்பு. தெல்மாவுக்கு அது எப்படித் தெரியும்? 'களையெடுப்புக்கு ஆதரவு தருவோர் கையெழுத்திடவும்' என்று போன மாதம் வாசலில் பட்டையாக எழுதி ஒட்டியிருந்தது. தோட்டத்துப் புல்லைப் பிடுங்கத்தான் ஆள் கேட்கிறார்கள் என்று நினைத்தாள். கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் 'கையுறை நானே கொண்டுவருகிறேன்' என்றும் எழுதினாள்.

"கையுறைன்னு எழுதியிருந்தேனே, அதைப் பாத்துமா புரியல?"

"பழைய புத்தகத் தூசிக்காகன்னு நெனச்சேன்" என்றாள் ப்ரோன்வின். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறாள். அதுதான் தெல்மாவுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. தன் கையெழுத்தையும் சேர்த்துத்தான் அருவருத்தாள்.

கொட்டகை ஓரத்தில் இன்னும் இரண்டு பெட்டி நிறையப் புத்தகங்கள் இருந்தன. அடுத்த பாத்திக்காம்.

"அதையாவது எனக்குக் குடு."

"பதிவுலேருந்து எடுத்தாச்சே தெல்மா. இல்லாத புத்தகத்தை எப்படி இரவல் தர்றது? விதிமுறை இடம் குடுக்காது."

"மண்ணுல போட்டு மிதிக்க இடம் குடுக்குது, நான் படிக்க இடம் குடுக்கலையா? தூ! நல்லா இருக்குடி உங்க விதிமுறை."

கூட்டம் சங்கடமாக நெளிந்தது. ஒரு கிழவர் கேக்கை மெல்வதை நிறுத்தினார். தெல்மா யாரையும் பார்க்கவில்லை. ஒற்றைச் சக்கர மண்வண்டி ஒன்று நின்றது. அதிலிருந்த எருவைப் பாத்தி ஓரமாகக் கவிழ்த்துக் கொட்டினாள். பெட்டிகளைத் தூக்க முடியவில்லை. புத்தகங்களை இரண்டிரண்டாக எடுத்து வண்டியில் அடுக்கினாள். மூச்சு வாங்கியது.

வண்டி நிறைந்ததும் கைத்தடியை மேலே போட்டுவிட்டுப் பிடியைத் தூக்கினாள். அப்போது இமோஜென் நெஞ்சில் கைவைத்து, "இதைவிட அழகா அந்தக் கவிதைக்கு யாரும் பதில் சொல்லிட முடியாது" என்று கண்கலங்கினாள். ஒருத்தர் தட்ட, இன்னொருத்தர் தட்ட, நாற்பது பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

தெல்மா நின்றாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"தட்டினது போதும். அந்தக் கையோட யாராவது வந்து இதைத் தள்ளுங்க. வீடு மேட்டுல இருக்கு."

கைதட்டல் இன்னும் பலமானது. ஒருத்தரும் இடத்தை விட்டு அசையவில்லை. தெல்மா வண்டியைத் தானே தள்ளிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.