நான்கு பொது எழுத்துகள்

திங்கட்கிழமை பகல் பதினொன்று நாற்பதுக்கு இமானுவேலின் குரல் வயர்லெஸில் வந்தது.

"எஞ்சின் நிண்டுருச்சு. நங்கூரம் பிடிக்கல, போட் ஓடுது. ஏ பி ஏ கே. ஏ பி ஏ கே."

அதோடு பேட்டரி போய்விட்டது. எத்தனை முறை கூப்பிட்டும் வெறும் இரைச்சல்தான்.

இராமேசுவரத்தில் ஹமீது சுல்தானுக்கு ஒரே விசைப்படகு. இமானுவேல் அதன் டிரைவர். கரையில் வயர்லெஸ் முன்னால் உட்காருவது நான். அபிராமத்துக்காரன், மிளகாய் போடும் குடும்பம், கடல் தெரியாது. சென்னையில் கால்சென்டரில் இரவு வேலை பார்த்து, பதினான்காம் மாதம் ஒரு விடியற்காலையில் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு வந்தவன். அங்கே கற்றது ஒன்றுதான். அழைப்புக்கும் அழைப்புக்கும் நடுவே, எந்த எழுத்தும் இரண்டாம் முறை வராத பத்தெழுத்து ஆங்கிலச் சொற்களைத் தேடி நோட்டில் எழுதிக்கொண்டிருப்பேன்.

அது இங்கே பயன்பட்டது. வயர்லெஸில் பேசுவது ஊருக்கே கேட்கும். இறால் கிடக்கும் இடத்தைச் சொன்னால் அரை மணியில் நாற்பது படகு வந்து நிற்கும். அக்கரை ரோந்துக்காரர்களுக்கும் கேட்கும். அதனால் படகு நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை நிமிட எண்களுக்குப் பதில் எழுத்து. சொல்லின் முதல் எழுத்து ஒன்று, இரண்டாவது இரண்டு, பத்தாவது பூஜ்யம். வாரம் ஒரு சொல். சொற்களை ஓர் அட்டையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கட்டம் போட்டு இமானுவேலிடம் கொடுத்திருந்தேன். இந்த ஊர் விசைப்படகுகள் போவது வாரத்துக்கு மூன்று நாள்தான்: திங்கள், புதன், சனி.

போன வாரச் சொல் பேக்ரவுண்ட். அன்று காலையில் தொடங்கியது பிளாக்ஸ்மித். அதன்படி ஏ மூன்று, பி ஒன்று, கே ஐந்து. முப்பத்தொன்று, முப்பத்தைந்து. வரைபடத்தில் புள்ளி வைத்தேன். கடல் எல்லைக் கோட்டுக்கு அந்தப்புறம், அக்கரை நாட்டின் கடலில்.

"யா அல்லாஹ்" என்றார் ஹமீது சுல்தான். "அஞ்சு பேரு அதுல இருக்கான் தம்பி."

பக்கத்துப் படகு பிரபாகரனுடையது. காலையில் புரொபெல்லர் சரிபார்த்ததால் கடலுக்குப் போகாமல் கரையில் நின்றது. அவர் வந்து புள்ளியைப் பார்த்தார்.

"இந்தப் பக்கம்னா இப்பவே கயிறு கட்டி இழுத்துட்டு வாரேன் பாய். அந்தப் பக்கம் போனா ரெண்டு போட்டும் போகும். கோபிச்சுக்கிடாதீக."

அவர் சொன்னதில் தப்பில்லை. போனால் படகு திரும்பாது, ஆட்கள் சிறையில் இருப்பார்கள். ஹமீது சுல்தான் அதிகாரிகளுக்குப் போன் போட்டார். தகவல் சொல்லியிருக்கிறோம், காத்திருங்கள் என்றார்கள். வெளியே மேற்கிலிருந்து கச்சான் காற்று தகரக் கூரையைத் தட்டிக்கொண்டிருந்தது. எஞ்சின் செத்த படகை அது கிழக்கே, எல்லைக் கோட்டை நோக்கித்தான் தள்ளும்.

இமானுவேலின் மனைவி சிநேகா ஏலக் கூடத்திலிருந்து ஓடி வந்தாள். கையில் மீன் செதில் காயவில்லை.

"அவரு கோட்டத் தாண்ட மாட்டாரு. அவரு தம்பி மூணு மாசம் அங்க ஜெயில்ல கிடந்துட்டு வந்தவன். அவருக்குத் தெரியாதா?"

"இந்த வாரச் சொல்லுல பாத்தா அங்கதான்க்கா காட்டுது."

"எந்த வாரம்?"

"இன்னைக்கித் தொடங்குன வாரம்."

அவள் என்னைப் பார்த்த பார்வை நன்றாக நினைவிருக்கிறது.

"போன புதன் காத்துன்னு கடலுக்குப் போக டோக்கன் குடுக்கல. ரெண்டு நடைதான போனாக? இன்னும் ஒரு நடை பாக்கி கிடக்கு. மூணு நடை முடிஞ்சாத்தான் எங்களுக்கு வாரம். ஐஸ்காரருக்கும் அப்படித்தான், டீக்கடைக்கும் அப்படித்தான். ஒனக்கு மட்டும் காலண்டரு வாரமா?"

அட்டையின் கட்டங்கள் என் கண்முன் வந்தன. நான் அவற்றைக் கிழமை என்று நினைத்துப் போட்டேன். இமானுவேல் நடை முடியும்போது ஒன்றை அடித்திருப்பார். போகாத புதனுக்கு எதை அடிப்பார்?

பேக்ரவுண்டில் வைத்துப் பார்த்தேன். ஏ இரண்டு, கே நான்கு. இருபத்தொன்று, இருபத்துநான்கு. புள்ளி கோட்டுக்கு இந்தப்புறம் விழுந்தது, ஆறரை மைல் உள்ளே.

இரண்டு சொல்லிலும் பி, ஏ, சி, கே உண்டு. இமானுவேல் சொன்ன எழுத்துகள் அந்த நான்குக்குள்ளேயே அடங்கிவிட்டன. ஓர் ஆர் வந்திருந்தால் பழைய சொல், ஓர் எல் வந்திருந்தால் புதுச் சொல் என்று கேட்ட நொடியே தெரிந்திருக்கும். சொற்களைத் தேர்ந்தெடுத்தவன் நான். அந்த அரை மணி நேரத்தைத் தின்றவனும் நான்.

"நெசந்தானா?" என்றார் பிரபாகரன்.

"தெரியல. அக்கா சொல்றது சரின்னு நெனைக்கிறேன்."

"நெனப்புக்கு டீசல் ஊத்தச் சொல்றியா? அப்ப நீயும் ஏறு. தப்பாப் போனா நீயும் மாட்டு."

ஏறினேன். பாம்பன் பாலத்தை ரயிலில் கடந்ததைத் தவிர எனக்கும் கடலுக்கும் ஒட்டுறவு கிடையாது. பத்து நிமிடத்தில் வாந்தி எடுத்தேன். பிரபாகரனின் ஆட்கள் சிரித்தார்கள்.

ஒன்று இருபதுக்கு அந்த இடத்தை அடைந்தோம். தண்ணீரைத் தவிர எதுவும் இல்லை.

"ஏலே வெவசாயி, இங்கன என்ன மொளகா நட்டிருக்கியா? எங்கடா போட்டு?"

"சொல்லி ஒண்ணே முக்கா மணி நேரம் ஆச்சுண்ணே. காத்து தள்ளியிருக்கும். கிழக்க போங்க."

பிரபாகரன் ஜிபிஎஸ் திரையைக் காட்டினார். எல்லை அதில் சிவப்புக் கோடாக ஓடியது. "மூணு மைலு போறேன். அதுக்கு மேல ஒரு முழம் கெடையாது. அவன் என் சொந்தத் தம்பியா இருந்தாலும் திருப்பிருவேன்."

ஒரு மைல். இரண்டு மைல். யாரும் சிரிக்கவில்லை. எனக்கு வயிற்றில் கக்க எதுவும் மிச்சமில்லை. புதுச் சொல்தான் சரி என்றால் ஐந்து பேரையும் ஏற்கெனவே பிடித்திருப்பார்கள், நான் இவர்களையும் வீணாக இழுத்து வந்திருப்பேன். மூன்றாவது மைல் முடிந்தது. பிரபாகரன் சக்கரத்தில் கை வைத்தார்.

"அண்ணே, இன்னும் கொஞ்சம்."

அவர் சக்கரத்தைத் திருப்பவில்லை. அடுத்த கால் மைலில் முன்னால் நின்றவன் கத்தினான். ஒரு கம்பின் நுனியில் நீலக் கைலி ஆடிக்கொண்டிருந்தது.

ஐந்து பேரும் இருந்தார்கள். கயிறு கட்டும்போது நான் அந்தப் படகுக்குத் தாவி, முட்டியைக் கிழித்துக்கொண்டேன். டிரைவர் அறையில் என் அட்டை ஆணியில் தொங்கியது. பேக்ரவுண்டுக்கு எதிரே இரண்டு கட்டங்கள் அடிக்கப்பட்டிருந்தன. மூன்றாவது வெறுமையாக இருந்தது.

"ஏன்டா இம்புட்டு நேரம்?" என்றார் இமானுவேல்.

நான் சொன்னேன். வேறு சொல்லில் பார்த்தது, கரையில் நின்றது, எல்லாவற்றையும். அவர் அறைவார் என்று நினைத்தேன். அவர் கயிற்றைப் பார்க்கப் போய்விட்டார். கரை தெரிந்த பிறகுதான் பென்சிலை எடுத்து மூன்றாவது கட்டத்தை அடித்தார். பிறகு அட்டையை ஆணியிலிருந்து பிடுங்கி என் மடியில் எறிந்தார்.

"அடுத்த அட்டைய சிநேகாகிட்டக் கேட்டுட்டு எழுது."