இலையில் வைத்த மெழுகு

1

இந்தக் கதை என் சுத்தக்காரப் புத்தியால் வந்த வினை. காட்டில் தேனெடுத்துப் பிழைக்கும் அமீசியோடு போயிருந்தேன். அவன் மரத்தைப் பிளந்து தேன் எடுத்தான். கொஞ்சம் மெழுகைப் பச்சை இலைமேல் வைத்தான். மறந்துவிட்டானாக்கும் என்று நான் அதைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

அது ஸேகோவின் பங்கு. தேன் இருக்கும் மரத்துக்கு ஆளை அழைத்துப்போகும் அந்தச் சிறு பறவைக்கு மெழுகு வைக்காமல் எங்கள் நியாஸாக் காட்டில் எவனும் திரும்புவதில்லை. (ஒருவன் திரும்பினான்.)

வீட்டில் என் பையை முகர்ந்து பார்த்த அமீசி, "பசிச்சா கேட்டிருக்கலாமேண்ணே" என்றான். சிரிக்கவில்லை.

ஆறு நாளாக அவன் ஸேகோவை 'பர்ர்ர்-ம்' என்று கூப்பிடுகிறான். காடு பதில் சொல்வதில்லை. "அது இல்லாம நான் அங்க குருடண்ணே."

பறவையிடமே பேசிப் பார்க்கலாம் என்று, வாயுள்ள ஒரு ஸேகோவை எழுத உட்கார்ந்தேன்.

2

முன்னொரு காலத்தில் ஒரு பறவை (அடித்துவிட்டேன். அதற்கு அவ்வளவு பொறுமை கிடையாது.)

ஏமாந்த ஸேகோ, பழிவாங்க அமீசியைச் சிங்கத்தின் முன்னால் கொண்டுபோய்

ஊரில் எல்லோரும் சொல்வது இதுதான். சோளம் இடித்துக்கொண்டிருந்த அமீசியின் மனைவி அபீபாவிடம் படித்துக் காட்டினேன். உலக்கை நின்றது.

"எடுத்தது நீங்க. சிங்கம் மட்டும் எம் புருஷனுக்கா?"

கிழித்தேன்.

3

மெழுகு கிடைக்காமலும் ஸேகோ வருகிறது. முன்னால் தாவித் தாவிப் போகிறது.

"டேய் அமீசி, மெதுவா நட. உன் காலடிக்கு ஆமைகூட எழுந்து ஓடுது."

"வாய மூடிட்டு வழியக் காட்டு."

"வாய மூடினா வழி எப்படிடா தெரியும்?"

அடுத்த திருப்பத்தில், புல்லுக்குள் ஒரு சிறுத்தை. ஸேகோ பார்த்துவிட்டது. அமீசி பார்க்கவில்லை. பேச்சை நிறுத்தாமல் அது தாழ்ந்து பறந்து, சிறுத்தையின் மூக்குக்கு எட்டியும் எட்டாமலும் படபடத்து, ஆற்று மணல்வரை அதை இழுத்துக்கொண்டு போகிறது. திரும்பியபோது வாலில் வெள்ளை இறகு இரண்டு இல்லை.

"எங்கடா போன?"

"வால் கனத்துச்சு. கொஞ்சம் இறக்கி வெச்சுட்டு வந்தேன்."

(இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். கண்ணில் தூசி.)

4

முடிவு ஒன்று: அமீசிக்குப் புரிந்துவிடுகிறது. முழுத் தேனடையையும் இலையில் வைத்து அழுகிறான். (அவன் அழமாட்டான். அது நான்.)

முடிவு இரண்டு: புரியவே இல்லை. "வால் குறைஞ்சும் வாய் குறையல பாரு" என்கிறான்.

எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். நாளை விடிந்ததும் அந்த மெழுகோடு அதே மரத்தடிக்குப் போகிறோம், அமீசியும் நானும். அது வந்ததா என்பதையும் நீங்களே எழுதிவிடுங்கள். இலைமேல் இருப்பதை நான் தொடுவதாக இல்லை.

ஒன்றை மட்டும் கேட்காமல் இருக்க முடியவில்லை. கதைக்குள் குனிந்து ஸேகோவிடம் கேட்டேன்: "சிறுத்தைகிட்ட பயமா இல்லையா?"

"அதுக்குத்தான் என்னைப் பார்த்து பயம்." அந்த வரியை அடித்தேன். மறுபடி கேட்டேன்.

"உங்க எழுத்தவிட அது தேவலை." அதையும் அடித்தேன். மறுபடி கேட்டேன்.

குட்டை வாலைக் கோதிக்கொண்டது.

"இருந்துச்சுண்ணே. அவனுக்குத் தெரியக்கூடாதுன்னுதான் பேசிட்டே போனேன்."