லட்டுவுக்கு வைத்த கோழிச்சாறு

நாமக்கல் பக்கத்து மலைமேல் இருக்கும் குண்டூர் நாட்டில் குணசேகரன் நடத்தும் விடுதியில் எட்டு அறைகள். சமையல் முழுக்க ருக்குமணி. சேந்தமங்கலம் பக்கத்துக்காரி. புருஷன் போன பிறகு அண்ணன் வீட்டில் ஒரு வருஷம் இருந்து பார்த்தாள். அண்ணி பாப்பாயி சோற்றுத் தட்டை முன்னால் வைக்கிற சத்தமே சரியில்லை. வேலை தேடி மலை ஏறிவிட்டாள். சமையலறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையைக் கொடுத்தார்கள். கட்டில் போட்டால் நடக்க இடமிருக்காது, ஆனால் உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளலாம். ஒன்பது வருஷமாக அதுதான் அவள் வீடு. வேலை இருக்கிற வரைக்கும்தான் அந்த அறை, வேலை போனால் திரும்பவும் பாப்பாயியின் தட்டு. இதை ருக்குமணி ஒரு நாளும் மறந்ததில்லை.

இந்தத் தை மாதத்தில் குணசேகரனுக்குத் திடீரென்று ஞானோதயம் வந்தது. பட்டணத்துக்காரர்கள் நாயை விட்டுவிட்டு ஊர் சுற்ற வர மாட்டேன் என்கிறார்களாம். நாயையும் சேர்த்துக்கொள்கிற விடுதியாகத் தேடித்தான் போகிறார்களாம். உடனே நாலு அறைகளுக்கு முன்னால் கம்பிவேலி எழும்பியது. நாய்க்கு மெத்தை, நாய்க்குத் துண்டு, நாய்க்கு எவர்சில்வர் கிண்ணம். வேலைக்காரர்கள் கம்பளி கேட்டு இரண்டு குளிர்காலம் ஆகிறது. அது இன்னும் வந்துகொண்டேயிருக்கிறது.

பெங்களூரிலிருந்து ஒரு பெண் வந்து இரண்டு நாள் பயிற்சி கொடுத்தாள். திரையில் படம் காட்டி, எல்லாம் இங்கிலீஷில். நாய்க்கு எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று அவள் விளக்கிக்கொண்டிருந்த நேரத்தில், அதைக் கேட்டிருக்க வேண்டிய ஒரே ஆள் அடுப்படியில் நின்று அவளுக்கு மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். குணசேகரன் முன்வரிசையில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தார். கடைசியில் எல்லோரிடமும் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள்.

"என்னங்க இது?" என்றாள் ருக்குமணி.

"வந்ததுக்கு ஒரு அடையாளம். போடு" என்றார் குணசேகரன்.

போட்டாள். தமிழில் தன் பேரை மணிமணியாக எழுதுவாள் அவள்.

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் சென்னையிலிருந்து வித்யாஸ்ரீ என்ற பெண் புருஷனோடு வந்து இறங்கினாள். கூடவே லட்டு. கன்றுக்குட்டி உயரத்துக்கு, வெல்ல நிறத்தில், காது தொங்கும் நாய். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் மனுஷனுக்கே குடல் வாய்க்கு வந்துவிடும், அது பாவம் என்ன செய்யும்? வழியெல்லாம் வாந்தி எடுத்திருக்கிறது. போட்ட மெத்தையில் தலையைச் சாய்த்து, நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துக்கொண்டு கிடந்தது. கொண்டுவந்த பாக்கெட் தீனியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வித்யாஸ்ரீ சமையலறை வாசலுக்கே வந்துவிட்டாள்.

"அக்கா, காலையிலேருந்து ஒண்ணுமே சாப்பிடலை. நீங்க ஏதாவது செஞ்சு தர முடியுமா?" கண் கலங்கியிருந்தது.

பசியோடு படுத்திருக்கிற எதையும் ருக்குமணியால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. வாய் செத்துப்போனவர்களுக்கு, காய்ச்சலில் எழுந்தவர்களுக்கு, பிள்ளை பெற்றவளுக்கு என்று அவள் ஊரில் ஒரே கைவைத்தியம்தான்: நாட்டுக்கோழிச்சாறு. கோழியை எலும்போடு தட்டிப் போட்டு, சீரகமும் இரண்டு மிளகும் வைத்து, உரித்த சின்ன வெங்காயத்தை அம்மியில் நசுக்கிப் போட்டு இறக்குவாள். வெங்காயக் காட்டில் பிறந்து வளர்ந்தவள். அந்தப் பக்கத்தில் வெங்காயம் காய் இல்லை, மருந்து. உடம்புச் சூட்டைத் தணிக்க அதை விட்டால் வேறு எது? நாய் அப்படி இரைப்பதைப் பார்த்துச் சூடுதான் என்று முடிவு கட்டினாள். ஒரு பிடி போடுகிற இடத்தில் இரண்டு பிடி போட்டாள்.

சாற்றைச் சோற்றில் பிசைந்து, ஆறவைத்து, கிண்ணத்தைக் கொண்டுபோய் வைத்தாள். லட்டு மூக்கைத் தூக்கியது. எழுந்தது. கிண்ணத்தின் அடிவரைக்கும் நக்கியது. வித்யாஸ்ரீ சந்தோஷத்தில் போனை எடுத்து வீடியோ பிடித்தாள்.

"அக்கா, இதுல என்னதான் போட்டீங்க?"

"கோழி, சீரகம், மொளகு. அப்பறம் சின்ன வெங்காயம் ரெண்டு கை. ஒடம்பு குளுந்துருமுங்க."

"சூப்பர் அக்கா!" என்றாள் அந்தப் பெண். பக்கத்தில் நின்ற குணசேகரன், "ருக்குமணி, இன்னொரு கரண்டி ஊத்து. விருந்தாளியப் பட்டினி போடலாமா?" என்று வீடியோவுக்குள் தலையை நீட்டிச் சிரித்தார்.

சனிக்கிழமை இரண்டு வேளையும் அதே சாறு. லட்டு வாலை ஆட்டிக்கொண்டு சமையலறை வாசலிலேயே படுத்துக்கொண்டது. ஒன்பது வருஷத்தில் தன் சமையலுக்காக இப்படி யாரும் வந்து காத்திருந்ததில்லை என்று ருக்குமணிக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாய் எழுந்திருக்கவில்லை. ஈறு வெளுத்துவிட்டது. மூத்திரம் டிகாக்ஷன் நிறத்தில் போயிற்று. காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு நாமக்கல்லுக்கு ஓடினார்கள். என்ன தின்றது என்று டாக்டர் கேட்க, வித்யாஸ்ரீ அந்த வீடியோவைத்தான் காட்டியிருக்கிறாள். வெங்காயம் நாய்க்கு விஷம், ரத்தத்தையே உடைத்துவிடும் என்று டாக்டர் சொன்னாராம். இதைக் கேள்விப்பட்டதும் ருக்குமணி அடுப்பை அணைத்தாள். எட்டுக்கை அம்மனுக்கு வேண்டி மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்துவிட்டு அழுதாள். வாயில்லாத ஜீவனைத் தன் கையாலேயே கொன்றுவிட்டோமோ என்ற பயத்தில் அன்றைக்குப் பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

சாயங்காலம் குணசேகரன் கூப்பிட்டார். விடுதியைப் பற்றி வித்யாஸ்ரீ இணையத்தில் எழுதியதை அதற்குள் நூறு பேர் படித்திருந்தார்கள்.

"உன்னைய யாரு வெங்காயம் போடச் சொன்னது?"

"எனக்குத் தெரியாமப் போச்சுங்க. நீங்களும் பக்கத்துலதானுங்க நின்னீங்க. இன்னொரு கரண்டி ஊத்துன்னு சொன்னதே நீங்கதானுங்களே."

"ஊத்தத்தானே சொன்னேன்? வெங்காயம் போடச் சொன்னனா?" மேசையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். "எல்லாம் படிச்சுப் புரிஞ்சுக்கிட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கற. இதுக்கு என்ன சொல்ற?"

"வந்ததுக்கு அடையாளம்னு சொன்னீங்களேங்க."

குணசேகரன் காகிதத்தைத் திரும்ப வாங்கி மேசையில் வைத்தார். அவர் குடும்பத்துக்கும் சேந்தமங்கலத்தில் நாலு ஏக்கர் வெங்காயக் காடுதான். வெங்காயம் நாய்க்கு ஆகாதென்று அவருக்கும் தெரியாது, என்ன போட்டாள் என்று கேட்டுக்கொண்டே நின்ற வித்யாஸ்ரீக்கும் தெரியாது. ஆனால் ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. பொறுப்பில்லாத சமையல்காரியை நீக்கிவிட்டோம் என்று குணசேகரன் பதில் எழுதினார். மறுநாள் முதல் பஸ்ஸுக்கு ருக்குமணி துணிமூட்டையோடு நின்றாள்.

அண்ணன் பொங்கியண்ணன் நல்லவர்தான். "வந்துட்டியா கண்ணு" என்றார், அதோடு சரி. பாப்பாயி தட்டை வைத்தாள், அதே சத்தத்தோடு. படுக்க நெல் மூட்டைக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. தாழ்ப்பாள் இல்லாத இடம்.

ஒரு மாதம் கழித்து, ருக்குமணி வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. குணசேகரன்.

"ருக்குமணி, நல்லா இருக்கறயா?"

ஒன்பது வருஷத்தில் அவர் கேட்காத கேள்வி. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"இருக்கறனுங்க. அந்த நாய் எப்படிங்க இருக்குது?"

"பொழச்சுக்கிச்சு. அந்தப் பொண்ணு பேசுச்சு."

"அம்மா, தாயே!" என்றாள் ருக்குமணி. உண்மையாகவே உயிர் வந்தது அவளுக்கு.

"ஆனா எதை வெச்சாலும் திங்க மாட்டேங்குதாம். ஒன்ற சாறு ருசியிலயே நிக்குதாம். வெங்காயம் இல்லாம அதே மாதிரி எப்படி வெக்கறதுன்னு கேக்குது. கொஞ்சம் சொல்லு, எழுதிக்கறேன்."

சொன்னாள். கோழியை எப்படித் தட்டுவது, எத்தனை கொதி, எப்போது இறக்குவது. மிளகும் வேண்டாம், எதற்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும் என்றாள். அவர் "இரு, இரு, மெதுவா" என்று ஒவ்வொன்றாக எழுதினார். இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறாரே, கடைசியில் வா என்று சொல்லத்தான் கேட்கிறார் என்று அவள் நினைத்தாள். உப்பு போடாததைக்கூட மறக்காமல் சொன்னாள்.

"நல்லதாப் போச்சு. நம்ம மெனுவுலயும் சேத்தரலாம். புது மாஸ்டர் வந்திருக்காரு, செஞ்சுருவாரு."

ருக்குமணி கேட்டேவிட்டாள். "அப்ப நான் எப்பங்க வரட்டும்?"

"பாக்கலாம் ருக்குமணி. இப்போதைக்கு ரூமும் இல்ல. ஒன்ற ரூமத்தான் நாய் குளிப்பாட்டறதுக்குன்னு மாத்தியிருக்கறோம். வெச்சரட்டுமா?"

வைத்துவிட்டார். குழாய்த் தண்ணீர் பாத்திரம் நிறைந்து வழிந்து ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளேயிருந்து பாப்பாயி எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் ஒரு நம்பிக்கை வந்திருந்தது. "என்ன, வேலைக்குக் கூப்பிட்டாங்களா?"

"இல்லீங்க. நாய்க்கு எப்படிச் சமைக்கறதுன்னு கேட்டாங்க."

"சொன்னியா?"

"சொல்லிட்டேனுங்க" என்று ருக்குமணி குழாயை அடைத்தாள்.