மேவிஸ் கொடுத்த இருபது நிமிடம்

தொண்டையில் ஆபரேஷன் முடிந்து என் மனைவி மேவிஸுக்குக் குரல் பாதிதான் திரும்பியது. சபையில் இருபது வருடம் தனிப்பாட்டுப் பாடியவள், ஆர்கன் சத்தத்துக்கு மேல் இனி எழும்பாது என்று வாயையே திறக்காமல் இருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஈஸ்டருக்கு நீ பாடு. ஆர்கன் வேண்டாம். நான் மெதுவா கிதார் வாசிக்கேன்" என்று அவளிடம் வாய் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அது 1998 நவம்பர். எனக்கு நாற்பத்தாறு வயது. கிதாரைத் தொட்டதுகூட இல்லை.

துபாய்க்குக் கிளம்பிய சபை நண்பர் சேவியர் தன் பழைய கிதாரைக் கொடுத்து, அந்தப் பாட்டுக்கு வேண்டிய மூன்று கார்டுகளுக்கும் விரல்களை எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டிவிட்டுப் போனார். புனே பக்கம் சாகணில் நான் வேலை பார்த்த ஃபேக்டரிக்கு லீவு விடும் நாளில் மூன்று மணி நேரம் வாசித்துத் தள்ளுவேன். முதல் வரி தேன். இரண்டாம் வரியில் சி கார்டிலிருந்து எஃப்புக்கு மாறும்போது விரல்கள் சண்டை போடும். உடனே நிறுத்திவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பேன். இரண்டு மாதம் இதே கூத்து.

மேவிஸ் காட்கியில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுப்பவள். ஒரு நாள் கரண்டியோடு வந்து நின்றாள்.

"முதல் வரிதான் வந்துட்டே, அத எதுக்குத் திரும்பத் திரும்ப வாசிக்கிய? இப்படி அடிச்சா என் ஸ்டூடன்ட்ஸ் லோயர் பரீட்சைகூட பாஸாக மாட்டாங்க."

மறுநாளிலிருந்து அவள் சட்டம். தினமும் கம்பெனி பஸ்ஸுக்கு முன்னால் இருபது நிமிடம், அந்த ஒரு மாற்றம் மட்டும். வேகம் வேண்டாம், சீராக வந்தால் போதும். பிசகினாலும் நிறுத்தக் கூடாது. விரலைப் பார்க்கவும் கூடாது, எதிரே காலண்டரைத்தான் பார்க்க வேண்டும். பாட்டே இல்லாத பயிற்சி யாருக்குப் பிடிக்கும்? முணுமுணுத்துக்கொண்டே செய்தேன். மார்ச்சில் விரல்கள் தானாகப் போயின.

ஈஸ்டர் ஆராதனையில் மூன்றாம் சரணத்தின் நடுவே அவள் குரல் அறுந்தது. சபையே நிமிர்ந்து பார்த்தது. அவள் கை புத்தகத்தை மூடப் போனது. என் விரல்கள் சி, எஃப், சி, எஃப் என்று தம்பாட்டில் போய்க்கொண்டிருந்தன. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடிந்தது. அவசரமில்லை, வா என்று தலையாட்டினேன். நாலாவது சுற்றில் மூச்சை இழுத்து மறுபடி பாட்டுக்குள் வந்தாள். கடைசி வரிவரை பாடினாள்.

வெளியே வந்ததும் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். அவளுக்கும் சொன்னேன்.

"எனக்கு எதுக்கு? நீங்க நிறுத்தியிருந்தா நானும் உக்காந்திருப்பேன். அப்புறம் என்னைக்கும் பாட எந்திரிச்சிருக்க மாட்டேன்" என்றாள்.